தொட்டி மண்: முதலில் காற்று, அப்புறம் உரம்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையே சுற்றி வருகின்றன: ரசாயன உரம் இல்லாமல், தொட்டிக்கான மண்ணை நாமே எப்படிக் கலப்பது? 19 வருடமாக நான் தொட்டியில்தான் தக்காளியும் மிளகாயும் கத்தரியும் வளர்க்கிறேன். கலக்கும் ஒவ்வொரு கலவைக்கும் ஓர் எண் போட்டு, எதை எத்தனை லிட்டர் சேர்த்தேன், செடி எப்படி வந்தது என்று நோட்டில் எழுதிவிடுவேன். இப்போது 64-வது கலவை ஓடுகிறது. அந்த நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: தரையில் தக்காளி அருமையாக வந்தது. அதே இடத்து மண்ணை அள்ளித் தொட்டியில் போட்டு நட்டேன். ஒரே மாதத்தில் இலையெல்லாம் மஞ்சளாகி, வளர்ச்சி நின்றுவிட்டது. உரம் போதவில்லையா?

உரம் இருந்திருக்கும். காற்றுதான் இல்லை. வேரும் மூச்சு விடுகிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும்.

தரையில் மண் ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. மேலே ஊற்றிய தண்ணீரைக் கீழே இருக்கிற மண் இழுத்துக்கொள்ளும். தொட்டியில் மண் ஓர் அடியிலேயே முடிந்துவிடுகிறது. கீழே இழுக்க ஆள் இல்லாததால், அடியில் எத்தனை ஓட்டை இருந்தாலும் ஒரு பட்டை அளவுக்குத் தண்ணீர் மண்ணிலேயே தங்கி நிற்கும். மண் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரத்துக்கு அந்த ஈரப் பட்டை எழும். தோட்டத்து மண் தொட்டிக்குள் நாள்பட இறுகி, பாதித் தொட்டி சேறாகவே இருந்துவிடும். அங்கே வேர் மூச்சுத் திணறி அழுகும்; இலை மஞ்சளாகும். நாமோ உரம் குறைவு என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முழுக்க நனைத்து, படுக்கை வாட்டில் கையில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும், அதை அப்படியே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். பஞ்சும் மாறவில்லை, ஓட்டையும் மாறவில்லை. உயரம் மட்டுமே மாறியது. உயரம் குறைந்த அகலத் தொட்டியில் ஏன் சீக்கிரம் அழுகுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வடிகாலுக்கு என்று அடியில் ஜல்லியோ ஓட்டுத் துண்டோ போடாதீர்கள். நுண்ணிய மண் முழுக்கத் தண்ணீரால் நிறையும் வரை, கீழே இருக்கிற பெரிய இடைவெளிக்குள் தண்ணீர் இறங்காது. அதனால் ஈரப் பட்டை ஜல்லியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு இருந்த நல்ல இடமும் குறையும். முதல் மூன்று வருடம் நானும் ஜல்லி போட்டவள்தான். செத்துப்போன ஒரு மிளகாய்ச் செடியின் தொட்டியைக் கவிழ்த்தபோது, ஜல்லிக்கு மேலே நாலு விரல் உயரத்துக்குக் கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். அன்றைக்கு எல்லாத் தொட்டியிலிருந்தும் ஜல்லியை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அப்படியானால் எதை எந்த அளவில் கலப்பது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள்.

கணக்குகள் பல உண்டு, எல்லாமே ஒரே தேவையில்தான் போய் முடியும்: ஈரம் பிடிக்க ஒன்று, ஊட்டம் தர ஒன்று, காற்றுக்கு வழிவிட ஒன்று. 1930-களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் தொட்டிக்கென்று வகுத்த கலவையில் 7 பங்கு வளமான மண், 3 பங்கு பீட் (சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய தாவரம்), 2 பங்கு பருமணல். எல்லாம் கன அளவில்தான், எடையில் இல்லை. அந்த 7 பங்கு மண்ணை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கித்தான் சேர்த்தார்கள். அந்த மாதிரி மண் எல்லாருக்கும் கிடைக்காது. அதனால் பிற்காலக் கலவைகள் பலவற்றில் மண்ணே இல்லை. என்னுடையதும் அப்படித்தான்.

20 லிட்டர் வாளி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊறி உதிர்ந்த கோகோபீட், அதாவது தேங்காய் நார்த் தூள், ஒரு வாளி. நன்றாக மக்கிய உரம் ஒரு வாளி. அதில் 14 லிட்டர் மக்கு உரம், 6 லிட்டர் மண்புழு உரம். மூன்றாவது வாளி பெர்லைட் (சூட்டில் பொரித்த, எடை குறைந்த வெள்ளை எரிமலைக் கல்), அல்லது கடலைப் பருப்பு அளவிலான எரிமலைக் கல். இரண்டும் கிடைக்கவில்லை என்றால் நெல் உமி. இவற்றோடு 150 கிராம் வேப்பம் புண்ணாக்குத் தூள், 100 கிராம் ஆவியில் வேகவைத்த எலும்புத் தூள். மூன்று வாளி போட்டால் 60 லிட்டர் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சின்னத் துகள்கள் பெரிய துகள்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். 50 லிட்டரை ஒட்டித்தான் கிடைக்கும்.

மண்புழு உரம் நல்லது என்று ஒரு வாளி முழுக்க அதையே போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். மொத்தக் கலவையில் 10 முதல் 20 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் கலவை களிபோல் இறுகும். காற்றுக்கு இடம் இருக்காது.

கோகோபீட்டைக் கழுவாமல் போடக் கூடாது. 5 கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 60 முதல் 75 லிட்டர் வரும். அதில் உப்பு இருக்கும், முக்கியமாக சோடியமும் பொட்டாசியமும். ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து என்று மூன்று முறை செய்யுங்கள். அப்படியும் அந்த நார் சும்மா இருக்காது. தன்னிடம் ஒட்டியிருக்கிற சோடியத்தையும் பொட்டாசியத்தையும் விட்டுவிட்டு, செடிக்குப் போக வேண்டிய கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கடைசி ஊறலில் கால்சியம் உள்ள ஜிப்சத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஓர் இரவு வைத்துவிட்டு வடிக்கிறேன். நார் தனக்கு வேண்டிய கால்சியத்தை அப்போதே எடுத்துக்கொள்ளும். பிறகு செடியின் பங்கில் கை வைக்காது. இந்த ஒரு வேலையைத் தொடங்கிய 22-வது கலவையிலிருந்து இளம் இலைகளின் ஓரம் கருகுவது என் செடிகளில் வெகுவாகக் குறைந்தது.

பெர்லைட்டைக் கொட்டும்போது மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல. முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியபடிதான் கலந்தேன், புண்ணாக்கு உட்பட. மறுநாளே நாற்று நட்டேன். ஐந்தாம் நாள் எல்லாம் தலை சாய்ந்துவிட்டன. எங்கே தப்பு?

அந்த "மறுநாளே"தான் தப்பு. கலந்ததை நடுவதற்கு முன் சில வாரம் ஓய்வாக வைக்க வேண்டும். முன்பு எழுதியபோது அதை அழுத்திச் சொல்லாமல் விட்டது என் குறை.

என் நோட்டில் 7-வது கலவையின் பக்கம் இன்னும் மனதைச் சுடுகிறது. விதையிலிருந்து நானே எழுப்பிய 40 மிளகாய் நாற்று. நல்ல ஊட்டம் கிடைக்கட்டும் என்று கடலைப் புண்ணாக்கை அள்ளிப் போட்டு, அன்று மாலையே நட்டேன். ஒரு வாரத்துக்குள் 36 நாற்று போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனியெல்லாம் பழுப்பு. தொட்டிக்குள் விரலை விட்டால் மண் சுட்டது. மூக்கை எரிக்கிற நெடி வேறு.

கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய 7 சதவீதம், வேப்பம் புண்ணாக்கில் 4 முதல் 5. ஆனால் அது புரதமாக இருக்கிறது. வேர் அதை அப்படியே உறிஞ்ச முடியாது. நுண்ணுயிர்கள் முதலில் அதை உடைக்கும்போது அம்மோனியா வரும். இளம் வேரைக் கருக்குவது இதுதான். பிறகு ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். செடி விரும்பி எடுப்பது அந்த நைட்ரேட்டைத்தான். இந்த பாக்டீரியாக்களை 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் தனியே பிரித்து, அவை என்ன செய்கின்றன என்று காட்டினார். அவற்றுக்கும் காற்று வேண்டும், ஈரம் வேண்டும், மிதமான சூடு வேண்டும். சேறாக இருக்கிற கலவையில் அவை வேலை செய்யாது.

ஆகவே கலந்த பிறகு மூடி போட்டு இறுக்காமல், சாக்கால் மூடி, நிழலில் வையுங்கள். வாரம் ஒரு முறை கிளறிக் கொடுங்கள். சூடான காலத்தில் மூன்று வாரம், குளிர்ந்த காலத்தில் ஐந்தாறு வாரம். உள்ளங்கையில் எடுத்தால் சூடு தெரியக் கூடாது. மழை பெய்து ஓய்ந்த தரையின் வாசம் வர வேண்டும். அப்போதும் சந்தேகம் என்றால், முள்ளங்கி விதை பத்தைக் கலவையிலும் பத்தை ஈரத் துணியிலும் போட்டுப் பாருங்கள். துணியில் ஒன்பது முளைத்து, கலவையில் நாலு முளைத்தால், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

கேள்வி: அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, மரத்தூள். இவற்றையும் சேர்க்கலாமா?

சாம்பலில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், உண்டு, ஆனால் காரம் கடுமை. உங்கள் தண்ணீரே உப்புத் தண்ணீராக, காரமாக இருந்தால் தொடவே வேண்டாம். மண்ணின் கார அமில நிலை (pH) 7-ஐத் தாண்டினால் நீங்கள் போட்ட எலும்புத் தூளின் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கரையாமல் கிடக்கும். இரும்பும் கிடைக்காது, புது இலை வெளுக்கும்.

முட்டை ஓடு மாவாக அரைத்தால்தான் பயன். கையால் நொறுக்கிப் போட்ட ஓட்டை இரண்டு வருடம் கழித்து அதே தொட்டியில் அப்படியே பார்த்திருக்கிறேன்.

பச்சை மரத்தூள் கூடாது. அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்குப் பல நூறு பங்கு கரிமம். அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் செடியின் தழைச்சத்தைப் பிடுங்கித் தின்னும்.

கேள்வி: தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துப் போகிறது. மண்ணில் கால்சியம் இல்லை, எப்சம் உப்பு போடு என்கிறார்கள்.

எப்சம் உப்பு மெக்னீசியம். அதில் கால்சியம் கிடையாது. போட்டால் மெக்னீசியம் கால்சியத்தோடு போட்டி போட்டு நிலைமையை மோசமாக்கும்.

பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கவே செய்யும். அது தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். இலை அதிகம் நீராவி விடுவதால் பெரும் பங்கு இலைக்குப் போய்விடும், காய்க்கு மிச்சம் மீதிதான். ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் குளமாக்கினால் அந்த மிச்சமும் அறும். கறுத்த காயைப் பறித்துவிடுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலையை இரண்டு அங்குலம் பரப்பி, தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஊற்றுங்கள். தொட்டி 20 லிட்டருக்குக் குறைவு என்றால் அடுத்த முறை பெரிதாக வையுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய தொழு உரம் சேர்த்த தொட்டிகளில் மட்டும் தக்காளி, அவரை இலைகள் சுருண்டு, நுனி கிண்ணம் போலக் குவிந்து வருகின்றன. பூச்சியும் இல்லை. வைரஸா?

"மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. வைரஸ் ஒரு செடியில் தொடங்கி மெல்லப் பரவும். ஒரே உரம் போன தொட்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் சுருண்டால், உரத்தில் களைக்கொல்லி வந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

அமினோபைரலிட், குளோபைரலிட் என்று சில களைக்கொல்லிகள் உண்டு. புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்பவை. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றிலும் அவை சிதையாமல், சாணத்தில் வந்துவிடும். மக்கும் குவியலிலும் மிக மெதுவாகத்தான் உடையும். தக்காளிக்கும் அவரைக் குடும்பத்துக்கும் அதில் துளியின் துளி போதும். 2008-ல் பிரிட்டனில் இப்படி ஏராளமான காய்கறித் தோட்டங்கள் கெட்டு, அமினோபைரலிட் விற்பனையையே சில காலம் நிறுத்தி வைத்தார்கள். எனக்கும் ஒரு முறை இது நடந்தது. ஆறு மூட்டை உரம், 14 தொட்டி. விற்றவருக்கே தெரிந்திருக்காது, அவர் வாங்கிய வைக்கோலில் வந்திருக்கும். அந்த வருடம் தக்காளியே இல்லை.

அன்று முதல், யார் தந்த உரமானாலும் சோதிக்காமல் கலப்பதில்லை. சின்னத் தொட்டி மூன்றில் உரமும் கோகோபீட்டும் சரிபாதி, இன்னும் மூன்றில் உரம் இல்லாத கலவை. ஒவ்வொன்றிலும் மூன்று பீன்ஸ் விதை. மூன்று வாரத்தில் மூன்றாவது இலை விரியும்போது தெரிந்துவிடும். உரத் தொட்டிகளில் மட்டும் இலை முறுக்கினால் அந்த உரம் காய்கறிக்கு ஆகாது. புல்தரை இருந்தால் அங்கே பரப்புங்கள். புல்லுக்குத் தீங்கில்லை, மண்ணில் கிடந்து மெல்லச் சிதையும். தயவுசெய்து அதை அடுத்த வீட்டுக்காரருக்குத் தராதீர்கள்.

கேள்வி: பச்சைச் சாணத்தை நேராகக் கலக்கலாமா?

வேண்டாம். கிருமி பயம் உண்டு. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிப்படி, மண்ணைத் தொடுகிற காய் என்றால் பச்சைச் சாணம் இட்டு 120 நாள், தொடாத காய் என்றால் 90 நாள் கழித்துத்தான் அறுவடை. மக்க வைத்துப் போடுவதற்கும் அதே விதியில் அளவு இருக்கிறது: திறந்த குவியலாக இருந்தால் 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். அந்தச் சூட்டில் களை விதைகளும் பெரும்பாலும் செத்துவிடும்.

கேள்வி: ஆமணக்குப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது. வேப்பம் புண்ணாக்குக்குப் பதிலாகப் போடலாமா?

செடிக்கு நல்லதுதான், சத்தும் குறைவில்லை. ஆனால் வீட்டில் நாயோ, தவழும் குழந்தையோ இருந்தால் மூட்டையையே உள்ளே விடாதீர்கள். ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கடும் நஞ்சு உண்டு. எண்ணெய் எடுத்த பிறகு அது புண்ணாக்கில்தான் தங்கும். சூடாக்கிப் பதப்படுத்தியிருந்தால் நஞ்சு குறையும், ஆனால் மூட்டையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அந்த வாசனை நாயை இழுக்கும். தின்றால் உயிருக்கே ஆபத்து. எலும்புத் தூளையும் நாய் தோண்டும் என்பதால், கலவையை ஓய்வுக்கு வைக்கும்போது எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: ஒரு பருவம் முடிந்த மண்ணைக் கொட்டிவிட வேண்டுமா?

ஐயோ, வேண்டாம். என் 64-வது கலவையில் பாதி, 50-க்கு முந்தைய கலவைகளின் மண்தான். தடித்த வேரை எடுத்துவிட்டு, மெல்லிய வேரை விட்டுவிடுங்கள். அது மக்கி, போன வழியில் காற்றுக்குத் துளை விடும். நாலில் ஒரு பங்கு புது மக்கு உரமும், இறுகியிருந்தால் கொஞ்சம் பெர்லைட்டும், பாதி அளவு வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து மறுபடி ஓய்வு கொடுங்கள். தக்காளி நின்ற மண்ணில் உடனே மிளகாயோ கத்தரியோ வைக்காமல் அவரையோ கீரையோ வையுங்கள். முதல் மூன்றும் ஒரே குடும்பம், நோயும் பொது.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணை ஈரமாக்கி, ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் மூடி, கடும் வெயிலில் ஆறு வாரம் வையுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். அது வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்கு அவ்வளவு சூடு இறங்காது. பிறகு மண்புழு உரம் சேர்த்து உயிரை மீட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு 71 வயது. முட்டி வலி. வாளி வாளியாகத் தூக்கிக் கலக்க முடியாது. ஆசை மட்டும் விடவில்லை.

அம்மா, வாளியே வேண்டாம். ஒரு லிட்டர் குவளை போதும். மேசை மேல் பழைய போர்வையோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கோகோபீட் 6 குவளை, மக்கு உரம் 4, மண்புழு உரம் 2, பெர்லைட் 6. வேப்பம் புண்ணாக்கு 45 கிராம், எலும்புத் தூள் 30 கிராம். கையால் புரட்டவும் வேண்டாம். விரிப்பின் ஒரு மூலையைப் பிடித்து எதிர் மூலைக்கு இழுங்கள், கலவை உருண்டு போகும். அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை. பத்துப் பன்னிரண்டு முறை உருண்டால் நன்றாகக் கலந்துவிடும்.

தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்து, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் அதிகம், காயப் பரப்புங்கள். கையைத் திறந்ததும் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

விரிப்போடு மூட்டையாகக் கட்டாமல், ஓட்டையுள்ள ஒரு தொட்டியில் போட்டு, மேலே துணி மூடி, மூன்று வாரம் வையுங்கள். அந்தத் தொட்டியிலேயே நடலாம். தூக்க வேண்டிய வேலையே இல்லை. 18 குவளை கலந்தால் ஏறக்குறைய 15 லிட்டர் வரும், ஒரு மிளகாய்ச் செடிக்குத் தாராளம். முதல் பூ வந்ததும் எனக்கு எழுதுங்கள்.